பைத்தானை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும்போது வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பைத்தான் என்பது சி மொழியில் எழுதப்பட்ட சிபைத்தான் இன்டர்பிரெட்டரைக் குறிக்கும். பதில்கள் பெரும்பாலும் லினக்ஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை; ஆப்பிளின் மேக் கணினியும் விண்டோஸும் இடையிடையே வரும். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டவேண்டும்.

வேலை மூன்று படிகளில் நடக்கிறது. கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்து ஒரு மேக்ஃபைலை எழுதிவைக்கும். மேக் என்ற கட்டளை அதைப் படித்துக் கம்பைல் செய்யும், அதாவது மூலநிரலை இயங்குநிரலாக மாற்றும். மேக் இன்ஸ்டால் கோப்புகளை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பிறரிடம் உதவி கேட்பதற்கு முன் இந்த மூன்றில் எதில் சிக்கினோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் கம்பைல் செய்துதான் ஆகவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. லினக்ஸ் வழங்கல்கள் (டெபியன், ஃபெடோரா போன்றவை) தரும் பைத்தானே அன்றாட வேலைக்குப் போதும். அங்கே கிடைக்காத பதிப்பு வேண்டும், நிர்வாகி உரிமை இல்லாத கணினியில் நிறுவவேண்டும், பிழைதேடலுக்கான கட்டமைப்பு வேண்டும், அல்லது 3.13 இல் அறிமுகமான ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டும் ஓடவிடும் பூட்டு) இல்லாத கட்டமைப்பைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றால் இறங்கலாம். பைஎன்வ் போன்ற கருவிகளும் திரைக்குப் பின்னால் இதே கம்பைலைத்தான் செய்கின்றன. அது பாதியில் நின்றாலும் இங்குள்ள பதில்கள் பொருந்தும்.

கன்ஃபிகர் தொடங்கியவுடனே "ஏற்கத்தக்க சி கம்பைலர் இல்லை" என்று நின்றுவிடுகிறது. ஏன்?

கம்பைலர் இல்லை, அவ்வளவுதான். டெபியன் வகைகளில் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பை நிறுவுங்கள். ஃபெடோரா வகைகளில் ஜிசிசி, மேக் இரண்டையும். மேக் கணினியில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் கருவிகளை.

கம்பைலர் இருந்தும் "சி கம்பைலரால் இயங்குநிரலை உருவாக்க முடியவில்லை" என்று வந்தால் கதை வேறு. கம்பைலர் ஓடியிருக்கிறது, ஆனால் மிகச் சிறிய நிரலைக்கூட அதனால் முழுமையாக்க முடியவில்லை. சிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் ஆகிய சூழல் மாறிகளில் எப்போதோ எதையோ எழுதிவைத்து மறந்துபோயிருப்பீர்கள். அவற்றைக் காலிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பழைய சேவையகம் என்றால் கம்பைலரின் வயதையும் பாருங்கள்: பைத்தான் 3.11 முதல் சி11 தரத்தை அறிந்த கம்பைலர் தேவை.

கன்ஃபிகர் காரணத்தைச் சொல்லாமல் நின்றால் எங்கே தேடுவது?

கன்ஃபிக் டாட் லாக் என்ற கோப்பில். எல்லோரும் "அந்த லாகைப் பார்" என்று சொல்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்வோர் குறைவு. திறந்தவர்கள் நேராகக் கடைசி வரிக்குப் போகிறார்கள். அங்கே நூற்றுக்கணக்கான மாறிகளின் பட்டியல்தான் கிடக்கும். ஒன்றும் புரியாமல் மூடிவிடுகிறார்கள்.

அந்தக் கோப்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் படிப்பது எளிது. "எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான லைப்ரரி) இருக்கிறதா" என்று தெரிந்துகொள்ள கன்ஃபிகர் எந்தப் பட்டியலையும் புரட்டுவதில்லை. கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு சி நிரலை அந்தக் கணமே எழுதி, கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் "இருக்கிறது", ஆகாவிட்டால் "இல்லை". திரையில் தெரிவது அந்த ஒற்றைச் சொல் மட்டுமே. எழுதிய நிரல், கொடுத்த கட்டளை, கம்பைலர் போட்ட கூச்சல், வெளியேறிய குறியெண் எல்லாம் லாகில் வரிசையாகப் பதிவாகியிருக்கும்.

எனவே லாகில் "கேஷ் வேரியபிள்ஸ்" என்ற தலைப்பைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். நின்றுபோன சோதனை அதற்குச் சற்று மேலேயே இருக்கும். குறிப்பிட்ட ஒரு லைப்ரரியைப் பற்றிய சந்தேகம் என்றால், அதன் பெயரைத் தேடி, அந்தச் சோதனையின் கீழே கம்பைலர் சொன்ன முதல் வரியைப் பாருங்கள். ஒருமுறை "எஸ்எஸ்எல் இல்லை" என்று கன்ஃபிகர் சாதித்தபோது லாகைத் திறந்தேன். ஹெடர் கோப்பு (லைப்ரரியிலுள்ள பெயர்களை அறிவிக்கும் கோப்பு), லைப்ரரி இரண்டுமே கிடைத்திருந்தன. கடைசியில் இணைக்கும்போது "பொருந்தாத கோப்பு, தவிர்க்கிறேன்" என்று ஒரு வரி. 32 பிட் லைப்ரரி வழியில் குறுக்கே நின்றிருக்கிறது. திரையில் வந்த "இல்லை" என்ற சொல்லை நம்பியிருந்தால் அதே தொகுப்பைப் பத்துமுறை நிறுவியிருப்பேன்.

மேக் நின்றுவிட்டது. திரை முழுவதும் பிழைகள். எதைப் படிப்பது?

முதல் பிழையை. கடைசியில் மூன்று நட்சத்திரக் குறியோடு வரும் "எரர் 1", "எரர் 2" போன்றவை வெறும் மரண அறிவிப்பு. காரணம் அங்கே இருக்காது. ஒரு ஹெடர் கோப்பு கிடைக்காமல் போனால் அதில் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் அடுத்தடுத்த வரிகளில் "தெரியாத பெயர்" என்று கத்தும். முதல் வரியைச் சரிசெய்தால் மற்ற இருநூறும் தாமாகவே மறைந்துவிடும்.

மேக்கை இணையாகப் பல வேலைகளாக ஓட்டியிருந்தால், அதாவது ஜே என்ற விருப்பத்தோடு, உண்மையான பிழை பல திரைகளுக்கு மேலே புதைந்திருக்கலாம். ஒன்று பிழைபட்ட பிறகும் மற்ற வேலைகள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். அந்த விருப்பம் இல்லாமல் மேக்கை இன்னொருமுறை ஓட்டுங்கள். முடிந்த கோப்புகளைத் தொடாமல், உடைந்த இடத்துக்கு நேராகப் போய், பிழையைக் கடைசி வரிகளில் காட்டிவிட்டு நிற்கும்.

லைப்ரரி என் கணினியில் இருக்கிறது. ஆனாலும் "இல்லை" என்கிறது. இது என்ன நியாயம்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு லைப்ரரிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, பிற நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் பக்கம். மற்றொன்று, புதிதாக ஒரு நிரலைக் கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள். லினக்ஸ் வழங்கல்கள் இவற்றை இரண்டு தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்துவைத்திருக்கின்றன. உலாவி ஓடுவதற்கு முதலாவது போதும் என்பதால் அது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது.

டெபியன் வகைகளில் இரண்டாவதன் பெயர் "டெவ்" என்று முடியும். ஃபெடோரா வகைகளில் "டெவெல்". பைத்தானுக்கு முக்கியமானவை ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ. அடுத்த வரிசையில் பிஇசட்2, எல்இசட்எம்ஏ, எஸ்க்யூலைட், ரீட்லைன், என்கர்சஸ், யூயூஐடி, டிகே. டெபியன் வகைகளில் மூலத் தொகுப்புக் களஞ்சியத்தை இயக்கிவிட்டு, ஆப்ட்டின் பில்ட்-டெப் கட்டளையைப் பைத்தான்3 என்ற பெயரோடு கொடுத்தால் இவை அனைத்தும் ஒரே வீச்சில் வந்துவிடும். சற்று அதிகமாகவே வரும்; வட்டில் இடமிருந்தால் அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

மேக் வெற்றிகரமாக முடிந்தது. ஆனால் கடைசியில் "தேவையான பகுதிகள் கிடைக்கவில்லை" என்று சில மாட்யூல் பெயர்கள் வந்தன. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடக்கூடாது. பிழை காட்டி நின்றுபோகும் கம்பைலைவிட, வெற்றி என்று சொல்லிக்கொண்டு ஊனமான பைத்தானைத் தரும் கம்பைல்தான் ஆபத்தானது. ஹெடர் கோப்பு கிடைக்காவிட்டால் பைத்தான் அந்த மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கட்டிமுடிக்கும். வடிவமைப்பே அப்படித்தான். அந்த நாலு வரி அறிவிப்பு திரையில் ஓடி மறைந்துவிடும். விளைவு பல நாட்கள் கழித்து, வேறு யாரோ எழுதிய நிரலில் வெடிக்கும்.

எது போனால் என்ன ஆகும்?

எஸ்எஸ்எல் போனால், பைத்தான் தொகுப்புகளை இறக்கி நிறுவும் பிப் பயனற்றது. "எஸ்எஸ்எல் மாட்யூல் கிடைக்கவில்லை" என்று சொல்லி ஒரு தொகுப்பையும் இறக்காது. பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு கட்டாயம். பழைய சேவையகங்களில் 1.0.2 இருந்துகொண்டு, டெவெல் தொகுப்பும் ஒழுங்காக இருந்து, அப்படியும் மாட்யூல் உருவாகாமல் போவது இதனால்தான்.

இசட்லிப் போனால் மேக் இன்ஸ்டால் கட்டத்திலேயே தெரிந்துவிடும். பிப் தன் கோப்புகளைச் சுருக்கப்பட்ட வடிவில் கொண்டுவருகிறது. அதை விரிக்க வழியில்லாமல் "இசட்லிப் இல்லை" என்று நிற்கும். உடனே தெரிவதால் இது நல்ல வகைப் பிழை.

சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் போனால் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்புகள் பல இறக்குமதியாகும்போதே விழும். முன்பு அதற்குத் தேவையான லிப்எஃப்எஃப்ஐயின் முழுப் பிரதி ஒன்று மூலநிரலோடு சேர்ந்தே வந்தது. 3.7 முதல் லினக்ஸ் போன்ற தளங்களுக்கு அது வருவதில்லை. "3.6 வரை சரியாக இருந்ததே" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ரீட்லைன் போனால் நிரல்கள் ஓடும். ஆனால் 3.12 வரையிலான பதிப்புகளில் பைத்தானின் ஊடாடும் திரையில் மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரிக்குப் பதிலாக விநோதக் குறிகள் வரும். டிகேஇன்டர் (சாளர நிரல்களுக்கானது), ஜிடிபிஎம் (சிறு தரவுத்தளத்துக்கானது) இரண்டும் சேவையகத்தில் இல்லாவிட்டால் யாரும் அழப்போவதில்லை.

கட்டிமுடித்தவுடன், நிறுவுவதற்கு முன்பே, கோப்புறையிலுள்ள புதிய பைத்தானைத் திறந்து எஸ்எஸ்எல், சிடைப்ஸ், இசட்லிப், எஸ்க்யூலைட்3, எல்இசட்எம்ஏ ஆகிய ஐந்தையும் இறக்குமதி செய்து பாருங்கள். அரை நிமிட வேலை.

விடுபட்ட தொகுப்பை நிறுவிவிட்டு மேக்கை மறுபடி ஓட்டினேன். அதே பட்டியல்தான் வருகிறது.

கன்ஃபிகரை மீண்டும் ஓட்டினீர்களா? "இல்லை" என்ற பழைய முடிவு மேக்ஃபைலில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. மேக் அதை மறுவிசாரணை செய்யாது. மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கன்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள். மேக் கிளீன் என்பது கம்பைலான கோப்புகளை மட்டும் நீக்கும். கன்ஃபிகரின் முடிவுகள் அப்படியே இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் கோப்புறையை அழித்துவிட்டு மூலநிரலைப் புதிதாக விரித்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் புதிய பதிப்பை நானே தனி இடத்தில் நிறுவினேன். பைத்தானுக்கு அதை எப்படிக் காட்டுவது?

கன்ஃபிகருக்கு வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற விருப்பத்தோடு அந்தக் கோப்புறையைக் கொடுங்கள். கொடுக்கவேண்டியது இன்க்ளூட், லிப் என்ற இரண்டையும் உள்ளடக்கிய மேல் கோப்புறை; பலர் லிப்பையே கொடுத்துவிட்டுக் குழம்புகிறார்கள்.

இதோடு முடியவில்லை. கம்பைலின்போது இடத்தைக் காட்டினீர்கள். ஓடும்போது யார் காட்டுவது? 3.10 முதல் வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத் என்ற விருப்பம் இருக்கிறது. அதற்கு ஆட்டோ என்ற மதிப்பைக் கொடுத்தால் லைப்ரரியின் இருப்பிடம் மாட்யூலுக்குள்ளேயே பதிந்துவிடும். எல்டி-லைப்ரரி-பாத் என்ற சூழல் மாறியில் எழுதிவைக்கும் பழைய வழியும் வேலை செய்யும். ஆனால் அது அந்த முனையத்தில் ஓடும் மற்ற நிரல்களையும் உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் பக்கம் இழுத்துவிடும். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

நிறுவிமுடித்துப் பைத்தானை அழைத்தால் "லிப்பைத்தான் பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை" என்கிறது.

எனேபிள்-ஷேர்ட் விருப்பத்தோடு கட்டியிருக்கிறீர்கள். அப்போது இன்டர்பிரெட்டரின் உடல் தனி லைப்ரரிக்குப் போய்விடும்; பைத்தான் என்ற இயங்குநிரல் அதை அழைக்கும் மெல்லிய உறை மட்டுமே. /யுஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியிருந்தால் நிர்வாகி உரிமையோடு, லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகன்ஃபிக் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். ரெட்ஹேட் வகைகளில் அந்த லிப் கோப்புறையே தேடல் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். முதலில் அதைச் சேர்க்கவேண்டும். வீட்டுக் கோப்புறையில் நிறுவுபவர்கள் கன்ஃபிகர் செய்யும்போதே எல்டிஃபிளாக்ஸ் வழியாக ஆர்பாத்தை (ஓடும்போது லைப்ரரியைத் தேடவேண்டிய இடத்தை) கொடுத்துவிடுவது நல்லது. பைத்தானை வேறொரு நிரலுக்குள் பொதிக்கும் தேவை இல்லாதவர்களுக்கு இந்த விருப்பமே தேவையில்லை.

கம்பைலர் "கில்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு செத்துவிடுகிறது.

நினைவகம் போதவில்லை, இயங்குதளம் கம்பைலரைக் கொன்றுவிட்டது. சிறிய மெய்நிகர்க் கணினிகளில் இணையாக எட்டு வேலைகள் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். ஒரே வேலையாக ஓட்டுங்கள், அல்லது தற்காலிகமாக ஸ்வாப் (நினைவகம்போலப் பயன்படும் வட்டு இடம்) கொடுங்கள். இணைக்கும்போதும் நிரலை மெருகேற்றும் வித்-எல்டிஓ விருப்பம் நினைவகத்தை அதிகமாகத் தின்னும், அதை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் "கம்பைலரின் உட்பிழை" என்று வந்தால் மூலநிரலைச் சந்தேகிக்காதீர்கள். ரேமைச் சோதியுங்கள். நிரல் பிழை ஒரே இடத்தில்தான் விழும்.

பைத்தான் வேகமாக ஓட எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் கொடுத்தேன். முடியவே மாட்டேன் என்கிறது. தொங்கிவிட்டதா?

இல்லை. அந்த விருப்பம் பைத்தானை இருமுறை கட்டுகிறது. முதலில் அளவெடுக்கும் கருவிகளோடு ஒரு பைத்தான். அதைக் கொண்டு சோதனைத் தொகுதியின் ஒரு பகுதியை ஓட்டி, எந்தப் பாதை அதிகம் மிதிபடுகிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறிப்பை வைத்து மறுபடி முழுவதையும் கம்பைல் செய்யும். நடுக்கட்டத்தில் திரையில் அசைவே குறைவாக இருப்பதால் தொங்கியதுபோல் தோன்றும். கிளாங் கம்பைலரில் இதற்கு எல்எல்விஎம்-ப்ரொஃப்டேட்டா என்ற கருவியும் வேண்டும். இல்லாவிட்டால் கன்ஃபிகரே நிற்கும்.

என் பழக்கம்: முதல் கட்டுமானத்தை இந்த விருப்பம் இல்லாமல் முடித்து, ஐந்து மாட்யூல்களும் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே இதைக் கொடுப்பேன். நெடுநேரம் காத்திருந்து, கடைசியில் எஸ்எஸ்எல் இல்லை என்று தெரிந்துகொள்வது கொடுமை.

மேக் டெஸ்ட்டில் இரண்டு மூன்று சோதனைகள் தோற்கின்றன. நிறுவலாமா?

எவை என்று பாருங்கள். ரூட் பயனராக ஓட்டினால் கோப்பு அனுமதிகளைச் சோதிப்பவை தோற்கலாம். கன்டெய்னருக்குள் நெட்வொர்க் சோதனைகள் தோற்கலாம். இவை உங்கள் சூழலின் குறைகள். ஆனால் கணிதம், சரங்கள், டிக்‌ஷனரி போன்ற அடிப்படைகளில் தோற்றால் நிறுவாதீர்கள். கம்பைலர் விருப்பங்களில் ஏதோ கோளாறு இருக்கிறது. "தவிர்க்கப்பட்டது" என்று வருபவை தோல்வி ஆகாது.

மேக் இன்ஸ்டாலா, மேக் ஆல்ட்இன்ஸ்டாலா?

ஆல்ட்இன்ஸ்டால். மேக் இன்ஸ்டால், பைத்தான்3 என்ற பொதுப் பெயரையும் சேர்த்து உருவாக்கும். ஆல்ட்இன்ஸ்டால், பைத்தான்3.12 போலப் பதிப்பெண்ணோடு கூடிய பெயரை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதிய பதிப்பை நிறுவிய உற்சாகத்தில், கணினியின் சொந்த பைத்தான்3 இணைப்பையே புதியதை நோக்கித் திருப்பிவிட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கப்போனபோது "ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை" என்றது. அந்த மாட்யூல் கணினியோடு வந்த பதிப்புக்காகவே கம்பைல் செய்யப்பட்ட சி கோப்பு. புதிய பைத்தானால் அதைப் படிக்க முடியாது. இணைப்பைப் பழையபடி மாற்றியதும் எல்லாம் சரியானது. கணினியின் பைத்தான் உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல; கணினி தனக்காக வைத்துக்கொண்டது.

நிறுவிவிட்டேன். ஆனால் பழைய பதிப்பெண்ணையே காட்டுகிறது.

முனையத்தில் நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற நிரல், கட்டளைகளின் இருப்பிடத்தை நினைவில் வைத்திருக்கும். ஹேஷ் கட்டளையை ஆர் விருப்பத்தோடு கொடுங்கள், அல்லது புதிய முனையத்தைத் திறங்கள். அப்போதும் மாறாவிட்டால் பாத் மாறியில் எந்தக் கோப்புறை முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

"என்கோடிங்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று தொடக்கத்திலேயே விழுகிறது.

பைத்தான் தன் நிலையான நூலகத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. பத்தில் எட்டுமுறை, பைத்தான்ஹோம் என்ற சூழல் மாறி வேறொரு பதிப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்குங்கள். நிறுவிய கோப்புறையை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தாலும் இதே கதி நேரலாம்.

இதில் எதிலும் அடங்காத விசித்திரப் பிழை வருகிறது.

கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கிறதா? மாற்றுங்கள். மூலநிரலை விண்டோஸில் விரித்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தீர்களா? வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கும். லினக்ஸிலேயே மீண்டும் விரியுங்கள். கன்ஃபிகருக்கு "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், அந்த வட்டு நிரல்களை இயக்கத் தடைசெய்து ஏற்றப்பட்டிருக்கலாம். "கடிகாரப் பிறழ்வு" என்று மேக் எச்சரித்தால் கணினியின் நேரத்தைச் சரிசெய்யுங்கள். எதை மறுபடி கட்டவேண்டும் என்பதை மேக் கோப்புகளின் நேரத்தை வைத்தே முடிவுசெய்கிறது.

மேக்ஃபைலைக் கையால் திருத்திய பிறகு "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" வந்தால், டேப் இருக்கவேண்டிய இடத்தில் உங்கள் எடிட்டர் இடைவெளிகளைப் போட்டிருக்கிறது. 1976 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது வைத்த விதி இது. இன்றுவரை ஆட்களைத் தடுக்கிவிழவைக்கிறது.

மேக் கணினியில் கட்டிமுடித்ததும் கோப்புறையில் பைத்தான் டாட் எக்ஸி என்ற கோப்பைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். அது விண்டோஸ் நிரல் அல்ல. மூலநிரலில் ஏற்கெனவே பெரிய எழுத்தில் பைத்தான் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத அந்த வட்டில் இரண்டும் மோதும் என்பதால் இந்தப் பின்னொட்டு. நிறுவும்போது அது போய்விடும்.

விண்டோஸில் கன்ஃபிகர் ஓடவில்லையே?

அங்கே வழி வேறு. விஷுவல் ஸ்டுடியோவின் சி++ கருவிகளை நிறுவிவிட்டு, பிசிபில்ட் கோப்புறையிலுள்ள பில்ட் டாட் பேட் கோப்பை ஓட்டுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவற்றை அதுவே இறக்கிக்கொள்ளும் என்பதால் இணைய இணைப்பு தேவை.

கம்பைல் செய்து நிறுவியதை எப்படி நீக்குவது?

மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று கிடையாது. /யுஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியிருந்தால் பின், லிப், இன்க்ளூட், ஷேர் ஆகியவற்றில் அந்தப் பதிப்பெண் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தேடித்தான் அழிக்கவேண்டும். கன்ஃபிகர் செய்யும்போதே ப்ரிஃபிக்ஸ் விருப்பத்தில் அந்தப் பதிப்புக்கென்று தனிக் கோப்புறையைக் கொடுத்திருந்தால், அதை மட்டும் அழித்தால் போதும். அந்தப் பைத்தானைக் கொண்டு உருவாக்கிய மெய்நிகர்ச் சூழல்கள் அத்தோடு செயலிழந்துவிடும். அவற்றில் என்னென்ன தொகுப்புகள் இருந்தன என்று பிப் ஃப்ரீஸ் மூலம் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.